ஏற்பிகள் எப்படி வேலை செய்கின்றன? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர்ப் பக்கத்தில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். வகுப்பில் அவர்கள் கேட்பதும், மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் கேட்பதும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. மாத்திரையோ, விஷமோ, காபியோ, மிளகாயோ, உள்ளே போன பொருளை உடம்பு எப்படி அறிகிறது? எல்லாப் பதில்களிலும் நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான்: மருந்தின் வேலையில் பாதிதான் மருந்துடையது, மீதி அதை வாங்கிக்கொள்ளும் செல்லுடையது. செல் நிலைமையைப் பார்த்துத் தன் ஏற்பிகளைக் கூட்டும், குறைக்கும். இது புரிந்துவிட்டால் டாக்டர் சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் தானாகப் புரியும்.

ஏற்பி என்றால் என்ன? எங்கே இருக்கிறது?

ஏற்பி ஒரு புரதம். பெரும்பாலும் செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கும். வெளியே கொஞ்சம், உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். சில ஏற்பிகள் செல்லுக்குள்ளேயே இருக்கும். ஹார்மோன், நரம்பு விடும் ரசாயனம், மருந்து என்று ஏதோ ஒன்று வந்து அதில் ஒட்டும்போது அந்தப் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அந்த மாற்றம்தான் சேதி. வந்த பொருள் செல்லுக்குள் நுழைய வேண்டும் என்ற அவசியமே இல்லை.

ஏற்பி என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை அதைக் கண்ணால் காண்பதற்கு வெகுகாலம் முன்பே ஊகித்துவிட்டார்கள். ஜெர்மனியில் பால் எர்லிக், இங்கிலாந்தில் ஜான் லாங்லி ஆகியோர் அந்த வழியைத் திறந்தவர்கள். தசையில் நிகோட்டினும் குராரே என்ற அம்பு விஷமும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்வதைப் பார்த்த லாங்லி, தசையில் இவற்றை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள் இருக்கிறது என்று 1905-ல் எழுதினார். அவர் சொன்ன அந்தப் பொருள் பிறகு பாம்புக்கடியிலும் பூச்சிமருந்திலும் நம் ஊர் வரை வரும், கீழே பாருங்கள்.

எத்தனை வகை ஏற்பிகள் உண்டு?

பாடப்புத்தகக் கணக்குப்படி நான்கு பெரிய குடும்பங்கள். அவற்றை வேகத்தின் வரிசையில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மிக வேகமானது அயனித் தடம். இது வாய்க்கால் மதகு மாதிரி. ரசாயனம் வந்து ஒட்டியதும் பலகை தூக்கப்படுகிறது. வெளியே காத்திருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. திறந்து மூடுவதெல்லாம் ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குள் முடிந்துவிடும். நரம்பு சொன்னதும் தசை சுருங்குவது இப்படித்தான். தசையில் உள்ள நிகோட்டினிக் ஏற்பி (லாங்லி சொன்ன பொருள் இதுதான்) ஐந்து துண்டுகள் சேர்ந்தது. நரம்பு விடும் ரசாயனமான அசிட்டைல்கோலினின் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டினால்தான் முழுதாகத் திறக்கும்.

இரண்டாவது, ஜி-புரத ஏற்பிகள். மனித மரபணுத் தொகுப்பில் இவை ஏறத்தாழ 800. அவற்றில் பாதிக்கு வாசனை அறிவதே வேலை. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தைத்தான் நாடிப் போகிறது. ஏற்பியின் சங்கிலி சவ்வை ஏழு முறை ஊடுருவிப் போகும். வெளியே அட்ரினலின் ஒட்டினால், உள்ளே ஜி-புரதம் விழித்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை ஏராளமாகத் தயாரிக்கச் செய்கிறது. வெளியே ஒன்று, உள்ளே ஆயிரக்கணக்கில் எதிரொலி. துளியளவு ஹார்மோன் உடம்பையே உலுக்குவதற்கு இதுதான் காரணம். இந்தக் குடும்பத்தை ஆராய்ந்ததற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவரும் 2012-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

மூன்றாவது, உள்பக்கத்தில் தானே நொதியாக வேலை செய்யும் ஏற்பி. இன்சுலின் ஏற்பி இந்த வகை. நிமிடக் கணக்கில் வேலை நடக்கும்.

நான்காவது, செல்லுக்குள் இருக்கும் ஏற்பி. ஸ்டீராய்டு, தைராய்டு, பெண்மை ஹார்மோன், வைட்டமின் டி இவையெல்லாம் சவ்வைத் தாண்டி உள்ளே போய் ஏற்பியைப் பிடிக்கின்றன. அந்த ஏற்பி நேரே மரபணுவில் உட்கார்ந்து, எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும்.

அட்ரினலின் இதயத்தை வேகமாக்குகிறது, ஆனால் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. ஒரே பொருள் இரண்டு வேலை செய்வது எப்படி?

ஏற்பி வேறு, அதனால் வேலையும் வேறு. இதயத்தில் இருப்பது பீட்டா-1. மூச்சுக்குழாயில் பீட்டா-2. தோலின் ரத்தக்குழாயில் ஆல்ஃபா, அது குழாயைச் சுருக்கும். அதனால்தான் பயந்தால் முகம் வெளிறுகிறது. ஆல்ஃபா, பீட்டா என்ற பிரிவைச் சொன்னவர் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், 1948-ல். அதைப் பிடித்துக்கொண்டு ஜேம்ஸ் பிளாக் புரோப்ரனலால் என்ற மருந்தை உருவாக்கினார். 1988-ல் நோபல் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இதில் வீட்டுக்கு உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. புரோப்ரனலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட இதை எழுதுவார்கள். வீசிங் இருப்பவர் இதைப் போட்டால் மூச்சு இறுகிவிடலாம். தலைவலிக்குத்தானே வந்தோம் என்று வீசிங்கைச் சொல்லாமல் விடாதீர்கள்.

"எங்க அப்பாவுக்கு பிரஷர் இப்ப நார்மல். அட்டினோலால் மாத்திரையை நிறுத்திடலாமா?"

தானாக, ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனசு கொஞ்சம் பதறும், ஏனென்றால் பாதிப் பேர் நிறுத்திய பிறகுதான் கேட்கிறார்கள்.

அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்றவை இதயத்தின் பீட்டா ஏற்பியில் உட்கார்ந்து அட்ரினலினை ஒட்டவிடாமல் தடுக்கின்றன. மாதக்கணக்கில் சேதி வராமல் இருந்தால் செல் என்ன செய்யும்? சேதி குறைகிறதே என்று ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். மாத்திரை இருக்கிறவரை அது வெளியே தெரியாது. திடீரென்று நிறுத்தினால், கூடுதலாக இருக்கும் அத்தனை ஏற்பிகளிலும் அட்ரினலின் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. படபடப்பு, பிரஷர் ஏறுதல், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். டாக்டர் படிப்படியாக அளவைக் குறைப்பது செல்லுக்கு ஏற்பிகளைப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவர அவகாசம் தருவதற்குத்தான். தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவதும் இதே கணக்குத்தான். பையில் முதலில் அதை வையுங்கள்.

அறுவடைத் தூசியில் வீசிங் வருகிறது. நீல நிற இன்ஹேலரை அடிக்கடி அடித்தால் பழக்கமாகிவிடுமா?

அதில் இருப்பது சால்பூட்டமால். பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். கதிர் அடிக்கும் நாளில் இழுப்பு வந்தால் அதை அடிப்பதில் தயக்கமே வேண்டாம். ஆனால் தினமும் பல தடவை தேவைப்படுகிறது என்றால், மேலே சொன்னதற்கு நேர்மாறானது நடக்கிறது: ஓயாமல் தூண்டப்படும் செல் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மருந்தின் பலன் குறையும். டாக்டர் சேர்த்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வீக்கத்தைத் தணிப்பதோடு, பீட்டா-2 ஏற்பிகளைப் புதிதாகச் செய்யவும் செல்லைத் தூண்டுகிறது. "உடனே தெரியலையே" என்று அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது நான்காவது வகை ஏற்பியின் வேலை, நாளாகும்.

காலையில் டிகிரி காபி குடிக்காவிட்டால் தலை வலிக்கிறதே, ஏன்?

கும்பகோணத்தை ஒட்டி இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா!

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பியில் ஒட்டும்போது நரம்பு மந்தமாகும், தூக்கம் வரும். காஃபின் வடிவத்தில் அடினோசினுக்கு நெருங்கிய சாயல் உடையது. ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் அதைத் தூண்டாது. இடம் பிடித்துக்கொண்டதால் அடினோசினுக்கு வழியில்லை. நமக்குச் சுறுசுறுப்பு வந்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் தூக்கச் சேதி தடுக்கப்பட்டிருக்கிறது.

தினமும் குடித்தால் மூளை இந்தத் தடுப்புக்கு ஈடுகொடுத்து, அடினோசினுக்குக் கூடுதலாகக் கூர்மையாகிவிடுகிறது. ஒரு நாள் காபி இல்லையென்றால் அடினோசின் ஏகபோகமாக வேலை செய்யும். மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், தலை வலிக்கும். வழக்கமாகக் கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். விரதம் இருக்கும் நாளில் சாயங்காலத் தலைவலிக்குப் பசியைவிட இதுவே காரணமாக இருப்பதுண்டு. விடவேண்டுமென்றால் டம்ளரைப் படிப்படியாகச் சிறிதாக்குங்கள். இன்னொன்று: குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக் காபி இரவு பதினொன்றுக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது.

"சுகர் இருக்கு, ஆனா இன்சுலின் நிறையவே சுரக்குதுன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு சுகர்?"

நல்ல கேள்வி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் ஆரம்ப வருடங்களில் பலருக்கு நிலைமை இதுதான்.

இன்சுலின் தன் ஏற்பியில் ஒட்டியதும் ஏற்பியின் உள்பகுதி விழித்து, அடுத்தடுத்த புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்தத் தொடரின் முடிவில், தசைச் செல்லுக்குள் பைகளில் சேமித்து வைத்திருக்கும் க்ளூட்-4 என்ற புரதம் சவ்வுக்கு ஏறிவரும். அதன் வழியாகத்தான் குளுக்கோஸ் உள்ளே போகிறது. தசையிலும் ஈரலிலும் கொழுப்பு சேரும்போது இந்தத் தொடர் நடுவில் தடைபடுகிறது. கணையம் விடாமல் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. நெடுநாள் இன்சுலின் அதிகமாகவே இருந்தால், செல் தன் மேற்பரப்பில் உள்ள இன்சுலின் ஏற்பிகளையும் குறைத்துக்கொள்கிறது. சேதி சொல்கிறவர் குரலை உயர்த்த உயர்த்த, கேட்கிறவர் காது மந்தமாகிறது. கடைசியில் கணையம் ஓய்ந்துபோகிறது.

இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் ஓர் உண்மை உண்டு. தசை சுருங்கி விரிந்தாலே, இன்சுலின் இல்லாமலேயே க்ளூட்-4 மேலே வந்துவிடும். ஏற்பி மந்தமாக இருந்தாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மூன்று வேளையும் சோறு சாப்பிட்ட நம் பாட்டன்கள் நாற்று பறித்து, நடவு நட்டு, வரப்பு வெட்டினார்கள். இன்று டிராக்டரும் நடவு இயந்திரமும் வந்துவிட்டன. சோறு மட்டும் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டபின் கால் மணி, அரை மணி நேரம் நடந்தால் அந்தச் சோற்றின் சர்க்கரையைத் தசை நேரடியாக எடுத்துக்கொள்ளும். மாத்திரைக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை, மாத்திரையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

தைராய்டு மாத்திரை போட்டு ஒரு வாரம் ஆகியும் சோர்வு போகவில்லையே?

போகாது. அது மரபணுவில் வேலை செய்யும் ஏற்பி. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்துத்தான் அளவு சரியா என்று சொல்வார்கள்.

ஏற்பிக்கே நோய் வருமா?

வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தன் ஏற்பியையே தாக்கும் நோய்கள் உண்டு. மையஸ்தீனியா கிராவிஸ் நோயில் தசையின் நிகோட்டினிக் ஏற்பிகள் அழிகின்றன. சாயங்காலமாக ஆக இமை தொங்கும், மெல்ல முடியாது. கிரேவ்ஸ் நோயில் நேர்மாறு: எதிர்ப்பொருள் தைராய்டின் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் தூண்டும்.

நல்ல பாம்பு கடித்தால் இமை தொங்குவது ஏன்? கட்டுவிரியன் கடியும் அப்படித்தானா?

நல்ல பாம்பின் விஷத்தில் உள்ள சிறு புரதங்கள் தசையின் நிகோட்டினிக் ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன. லாங்லி பார்த்த குராரே செய்யும் அதே வேலை. நரம்பு சேதி அனுப்பியும் தசைக்கு எட்டாது. முதலில் இமை, பிறகு விழுங்குவது, பேச்சு, கடைசியில் மூச்சு.

கட்டுவிரியனில் ஆபத்து கூடுதல். அதன் விஷம் ஏற்பியை அடைப்பதோடு, ரசாயனத்தை வெளியிடும் நரம்பு முனையையே சிதைக்கிறது. நல்ல பாம்புக் கடியில் நியோஸ்டிக்மின் ஊசி போட்டு அசிட்டைல்கோலினைப் பெருக்கினால் ஏற்பிக்கான போட்டியில் அது முந்தும், இமை திறக்கும். கட்டுவிரியனில் முனையே சிதைந்திருப்பதால் அந்த ஊசி பெரும்பாலும் பலிக்காது. முனை மறுபடி வளரும்வரை செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். இந்தப் பாம்பு ராத்திரியில், தரையில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலி, இமைத் தொங்கல் என்றால் வாயுக்கோளாறு என்று உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணாடி விரியன் வேறு வழி. அது முக்கியமாக ரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. இந்த மூன்றுக்கும் சுருட்டை விரியனுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் நம் நாட்டில் தருகிறார்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை கால்களை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயலில் மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் நீர் ஊற்றுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. என்ன நடக்கிறது?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால் நடப்பது இது. அசிட்டைல்கோலின் வேலை முடிந்ததும் அதை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கி, தன் இரண்டு வகை ஏற்பிகளையும் ஓயாமல் தட்டுகிறது. மஸ்கரினிக் ஏற்பியால் எச்சில், கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி, நெஞ்சில் சளி, பொட்டாகச் சுருங்கிய கண்மணி. நிகோட்டினிக் ஏற்பியால் தசைத் துடிப்பு, பிறகு தளர்ச்சி.

ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மட்டுமே அடைக்கும். நெஞ்சுச் சளி வற்றும்வரை விடாமல் போடுவார்கள். அப்போது நோயாளி வாய் உலர்ந்து, முகம் சிவந்து, சில சமயம் பிதற்றுவார். சொந்தக்காரர்கள் பயந்து "ஊசியால்தான் இப்படி ஆகிவிட்டது" என்று வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அளவு சற்றுக் கூடினால் வரும் அறிகுறி அது, குறைத்தால் தெளியும். வழியில் மருந்து நின்றால் மூச்சு நிற்கும். தசைத் தளர்ச்சிக்கு அட்ரோபின் உதவாது என்பதால் செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம். ஊமத்தையில் இதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. அதனாலேயே அதைத் தின்றால் புத்தி பேதலிக்கிறது. கைவைத்தியமாக ஊமத்தையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

பூச்சிமருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

புகையானுக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் வேறு ரகம். அது பூச்சியின் நிகோட்டினிக் ஏற்பியில் நேரே ஒட்டுகிறது. பூச்சியின் ஏற்பியும் நம் ஏற்பியும் அமைப்பில் கொஞ்சம் வேறுபடுவதால் நம்மில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. அதற்காகக் கையுறையும் முகமூடியும் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

மிளகாய் ஏன் எரிகிறது? கிளிக்கு ஏன் எரிவதில்லை?

காரம் நாவின் சுவை ஏற்பி வழியாக வருவதில்லை. சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற அயனித் தடம் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கும். மிளகாயின் கேப்சைசின் அதே தடத்தைச் சாதாரணச் சூட்டிலேயே திறந்துவிடுகிறது. மூளை நாக்கு வெந்துவிட்டதாக நம்புகிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், தொடு உணர்வின் ஏற்பிகளைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனோடு 2021-ல் நோபல் பெற்றார். பறவைகளின் டி.ஆர்.பி.வி.1-ல் கேப்சைசின் சரியாக ஒட்டாது. கிளி நிதானமாகத் தின்றுவிட்டு விதையைப் பரப்புகிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிரோ மோரோ குடியுங்கள்.

வெற்றிலை பாக்கு போட்டால் உடம்பு கதகதப்பாவது எதனால்?

பாக்கில் உள்ள அரிகோலின் மஸ்கரினிக் ஏற்பியைத் தூண்டுகிறது. அதனால்தான் எச்சில் ஊறுவதும் லேசான வியர்வையும். கும்பகோணம் வெற்றிலையின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனால் பாக்கைப் பற்றி மெழுகிச் சொல்ல முடியாது: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கை, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்ந்தால் கேடு இன்னும் பெருகும். நிகோட்டின் மூளையின் ஏற்பிகளை எண்ணிக்கையில் பெருக்கிவிடுகிறது. விட நினைப்பவர் முதல் சில வாரம் படும் பாடு அந்தக் கூடுதல் ஏற்பிகளால்தான். அவை மெல்லக் குறையும். அந்த வாரங்களில் வீட்டில் உள்ளவர்கள் அவரோடு சண்டை போடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

நெற்பயிருக்கும் ஏற்பி உண்டா?

உண்டு. வகுப்பில் விவசாய வீட்டுப் பிள்ளை ஒருவர் கேட்ட கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது.

பயிர் உயரமாக வளரச் சொல்வது ஜிபெரலின் என்ற ஹார்மோன். அதன் ஏற்பியை 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதன்முதலில் கண்டது நெல்லில்தான். 1966-ல் வந்த ஐ.ஆர். 8 குட்டையாக இருந்ததற்குக் காரணம் அதில் இந்த ஹார்மோன் போதிய அளவு உண்டாகாததே. ஏற்பி நன்றாகவே இருந்தது. குட்டை என்பதால் உரம் போட்டாலும் சாயவில்லை. நெட்டையான பழைய ரகங்கள் மழையில் சாய்ந்துவிடும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நோயை உணரும் ஏற்பியும் நெல்லுக்கு உண்டு. பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கிருமி விடும் ஒரு சிறு புரதத்தை எக்ஸ்.ஏ.21 என்ற ஏற்பி இனங்கண்டு, செடியின் தற்காப்பைக் கிளப்புகிறது. ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த மரபணு இது, 1995-ல் பிரித்தறியப்பட்டது. நம் பக்கம் சம்பாவில் பரவலாகப் போடும் பி.பி.டி. 5204 இலைக்கருகலுக்கு எளிதில் ஆட்படும். ஹைதராபாத் ஆய்வு நிலையங்கள் இனக்கலப்பு முறையிலேயே இந்த மரபணுவையும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் அதில் சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற ரகத்தைத் தந்திருக்கின்றன. வருடா வருடம் இலைக்கருகல் வரும் வயலாக இருந்தால், அடுத்த சம்பாவுக்கு முன் வேளாண் விரிவாக்க மையத்தில் அந்த ரகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.